சிறகு வேண்டுமா, முட்டை வேண்டுமா?

நெல்லில் புகையான் பூச்சி விழுந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைப் பசேலென்று நின்ற பயிர் நடுவயலில் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீய்ந்து படுத்துவிடும். வரப்பில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் குனிந்து பார்த்தால்தான் பழுப்பு நிறத்தில் அப்பிக்கொண்டிருக்கும் பூச்சிகள் கண்ணில் படும். அதை ஒழிப்பது எப்படி என்று எழுத நான் வரவில்லை. அந்தப் பூச்சிக்கு இரண்டு விதமான உடல்கள் உண்டு, இரண்டில் எது என்பது குஞ்சுப் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. இதைப் படித்ததிலிருந்து செடி, பறவை, தேரை என எதைப் பார்த்தாலும் எனக்கு அதே கணக்குதான் கண்ணில் படுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரே தாய் இட்ட முட்டைகள்தான். ஆனால் வளர்ந்து முடிக்கும்போது சிலவற்றுக்கு உடலைத் தாண்டி நீளும் சிறகு, சிலவற்றுக்கு முதுகில் பாதியோடு நின்றுவிடும் குட்டைச் சிறகு. குட்டைச் சிறகுப் பெண்ணால் பறக்க முடியாது. ஆனால் அவள் நீளச் சிறகுக்காரியைவிடச் சீக்கிரம் முட்டையிடத் தொடங்குகிறாள், அதிகமாகவும் இடுகிறாள். சிறகும் அதை அசைக்கும் தசையும் வளர்க்கச் செலவாகியிருக்க வேண்டிய சத்தெல்லாம் முட்டைக்குப் போகிறது. பயிர் இளசாக, சாறு நிறைந்து, பூச்சிக்கூட்டம் குறைவாக இருக்கும்போது குட்டைச் சிறகுகள் அதிகம் வரும். கூட்டம் நெருங்கி, பயிர் முற்றி, சாறு கெடத் தொடங்கும்போது நீளச் சிறகுகள் பெருகும். இங்கே இருக்கலாம் என்றால் ஓர் உடல், கிளம்பியாக வேண்டும் என்றால் வேறோர் உடல்.

இந்த முடிவு உடலுக்குள் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை 2015-ல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்சுலின்தான். அதாவது நம் உடம்பில் சர்க்கரைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அந்த இன்சுலினோடு சொந்தம் கொண்டாடக்கூடிய ஒரு பொருள் பூச்சிகளிடமும் உண்டு. புகையானில் அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகள் இரண்டு. ஒன்று வேலை செய்தால் நீளச் சிறகு வளர்கிறது, மற்றொன்று அதை அடக்கிக் குட்டைச் சிறகோடு நிறுத்துகிறது. தின்னக் கிடைப்பதைப் பற்றிய செய்தியை உடல் முழுக்கக் கொண்டுபோகும் அதே ஏற்பாடுதான், ஊரை விட்டுப் போவதா வேண்டாமா என்பதையும் தீர்மானிக்கிறது. எனக்கு இது அவ்வளவு அழகாகப் படுகிறது.

சரி, அந்த நீளச் சிறகு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? பூச்சி அரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஜப்பானிலும் கொரியாவிலும் இது குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடு இருக்க முடியாது, அங்கே ஒவ்வொரு வருடமும் வரும் புகையான் அத்தனையும் தெற்கிலிருந்து, தென்சீனா, வியட்நாம் பக்கத்திலிருந்து, பருவக்காற்றில் கடலைத் தாண்டி வருவதுதான். 1967-ல் ஜப்பானிய வானிலைக் கப்பல் ஒன்றில், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில், இந்தத் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து விழுந்தன. எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நடந்த சண்டைக்கு அது பெரிய பதிலாக அமைந்தது.

இதில் நம் வயலுக்கு உடனடியாக உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் சித்தப்பா, "விளக்குப் பொறியில ஒண்ணும் விழலப்பா, புகையான் இல்ல" என்பார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் விளக்கைத் தேடிப் பறந்து வருவது நீளச் சிறகுப் பூச்சிகள் மட்டும்தானே. உட்கார்ந்த இடத்திலேயே பெருகிக்கொண்டிருக்கும் குட்டைச் சிறகுக்காரிகள் பொறிக்கு வரவே மாட்டார்கள். அதனால் பொறியை வைத்துக்கொள்ளுங்கள், வரவு தெரியும். ஆனால் இருப்பு தெரிய வேண்டுமென்றால் தூரைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். தூருக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் ஒரு சிம்புக்கு, அதாவது தூரில் கிளைத்த ஒரு தண்டுக்கு, இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி இல்லையென்றால் ஒன்றுதான் எல்லை என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. யூரியாவை அள்ளிக் கொட்டினால் சாறு கொழுத்துப் புகையானுக்கு விருந்தாகிவிடும் என்பதும், பட்டம் விட்டு, அதாவது இடையிடையே நடைவழி விட்டு, நட்டால் வெயிலும் காற்றும் தூர் வரை இறங்கும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சிலந்திகளைக் கொல்லும் மருந்தை அடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வருவதும் பல நாடுகளில் பார்த்த ஒன்று.

புகையானிடம் நான் பார்க்கும் கணக்கு இதுதான்: தூரம் போகும் திறன் சும்மா கிடைப்பதில்லை, அதற்கு உடலில் வேறு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஈசலைப் பாருங்கள். முதல் மழைக்கு அடுத்த சாயங்காலம் புற்றிலிருந்து கிளம்பும் கறையான் இளவரசர்களுக்கும் இளவரசிகளுக்கும் சிறகு இருக்கிறது, ஆனால் அது ஒரே ஒரு பறத்தலுக்கானது. சிறகின் அடியில் முன்கூட்டியே ஒரு பிளவுக்கோடு உண்டு, இறங்கியதும் அந்த இடத்தில் ஒடித்துப் போட்டுவிடும். அத்தோடு முடியவில்லை. இணை சேர்ந்து மண்ணுக்குள் போன பிறகு, இனிமேல் தேவைப்படாத பறக்கும் தசையை உடல் கரைத்துச் சத்தாக்கிக்கொள்கிறது; புதுப் புற்றின் முதல் குஞ்சுகளை வளர்க்க அது உதவுகிறது. எறும்பு ராணிகளில் பலவும் அப்படியே. பறப்பதற்கான உடல், வேலை முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சோறாகிறது. புகையான் வளரும்போதே எடுக்கும் முடிவை ஈசல் ஒரே வாழ்க்கையில் முன்பாதி, பின்பாதி என்று பிரித்து வைத்திருக்கிறது.

அதே வயலில் நிற்கும் நெல்லுக்கு வருவோம். காட்டு நெல்லின் கதிரில் மணிகள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை, முற்ற முற்ற ஒவ்வொன்றாக உதிரும். நுனியில் நீண்ட வால் இருக்கும், அதில் சுணைகள் இருக்கும், விலங்குகளின் மயிரில் மாட்டிக்கொள்ளும். பயிர் நெல்லில் இந்த ஏற்பாடு கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டது. உதிராத கதிரைத்தான் மனிதர்கள் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது, அதையேதான் மறுபடி விதைத்தார்கள். பல நூறு தலைமுறைகளில் உதிராமை நிலைத்துவிட்டது. எஸ்ஹெச்4 என்ற மரபணுவில் வந்த ஒரு சின்ன மாற்றம், புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது, இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். நம்முடைய கையும் அரிவாளும் களத்துமேடும் வந்த பிறகு நெல்லுக்குத் தானாகப் பரவும் உறுப்புகள் தேவைப்படவில்லை. இன்றைக்கு நெல் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, ஒரு மணியைக்கூடத் தானாகத் தூவாமலே.

ஆனால் வயலுக்குள் வரும் களைநெல் இருக்கிறதே, அது உதிரும் பழக்கத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்ட கூட்டம். நாற்று விட்டுக் கையால் நட்ட காலத்தில் நடவுக்காரர்களின் கண்ணுக்கும் களை எடுப்பவர்களின் கைக்கும் அது தப்புவது கடினம். நேரடி விதைப்பில் பயிரோடு பயிராக வளர்ந்து, நாம் அறுப்பதற்கு முன்பே மணியை மண்ணில் கொட்டிவிடுகிறது. அமெரிக்காவில் இதை ஆராய்ந்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது: அங்குள்ள களைநெல் பலவற்றில் எஸ்ஹெச்4 மாற்றம் பயிரில் இருப்பது போலவே அப்படியே இருக்கிறது, அதாவது அவை பயிர் வழியில் வந்தவை, ஆனால் உதிரும் குணம் வேறு மரபணு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. பழைய கதவு சாத்தியிருந்தும் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. அறுவடை இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் வயல் விட்டு வயல் இறக்கினால், களைநெல்லுக்கு வாகனமும் கிடைத்துவிடும். வாடகை இயந்திரம் வரும்போது இதை ஒரு நிபந்தனையாகவே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இப்படிக் குணம் போவதும் வருவதும் ஆயிரக்கணக்கான வருடக் கதை என்று நினைத்திருந்தால், பிரான்ஸின் மொன்பெலியே நகரத்து நடைபாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரெப்பிஸ் சாங்டா என்று ஒரு சின்ன மஞ்சள் பூச்செடி, ஒரு வருடத்தில் முடிந்துவிடும் வகை. ஒரே பூந்தலையில் இரண்டு விதமான விதைகளை அது உருவாக்கும்: நடுவில் முடிக்கற்றையோடு காற்றில் பறக்கும் லேசான விதை, ஓரத்தில் முடி இல்லாமல் காலடியிலேயே விழும் கனமான விதை. நகரத்தில் இது வளர்வது நடைபாதை மரங்களைச் சுற்றி விட்ட துண்டு மண்ணில். சுற்றிலும் சிமென்ட். பறக்கும் விதை சிமென்டில் விழுந்தால் கதை முடிந்தது. பறக்காத விதையோடு ஒப்பிட்டால் தன் துண்டு மண்ணிலேயே நிலைக்கும் வாய்ப்பு அதற்கு 55 சதவீதம் குறைவு. 2008-ல் வெளியான ஆய்வில், நகரத்துச் செடிகளின் விதைகளையும் வயல்வெளிச் செடிகளின் விதைகளையும் எடுத்து ஒரே கண்ணாடி வீட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். நகரத்து வம்சம் பறக்காத விதைகளை அதிக விகிதத்தில் தந்தது. இந்த மாற்றத்துக்கு 5 முதல் 12 தலைமுறைகள் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நகராட்சி நடைபாதை போட்டு, அதில் மரம் நட்டு, அந்த மரம் வளர்வதற்குள் காலடியில் இருந்த செடி மாறிவிட்டது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடிய உதாரணம் ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரை. 1935-ல் கரும்பு வண்டுகளைத் தின்னும் என்று நம்பி ஹவாயிலிருந்து சுமார் 100 தேரைகளைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டை அது ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கண்டத்தைப் பிடித்துக்கொண்டு மேற்கே நகர்ந்தது. ஆரம்பத்தில் வருடத்துக்கு 10 கிலோமீட்டர் போல, பின்னர் 50 கிலோமீட்டருக்கும் மேல். டார்வின் நகரத்துக்குப் பக்கத்தில் முன்னணிப் படை வந்து சேரும் நேரத்தில் ஆய்வாளர்கள் காத்திருந்து அளந்தார்கள். முதலில் வந்தவற்றின் கால்கள், பின்னால் வந்தவற்றைவிட உடலளவோடு ஒப்பிட்டால் நீளமாக இருந்தன. 2006-ல் இந்த முடிவு வெளியானது. இதில் வழக்கமான "வலியது வாழும்" விளக்கம் தேவையே இல்லை என்பதுதான் விசேஷம். வேகமாகப் போகிறவை முன்வரிசையில் போய்ச் சேர்கின்றன, அங்கே இணைசேர வேறு யார் இருக்கிறார்கள், இன்னொரு வேகக்காரர்தான். பிள்ளைகளில் சிலர் பெற்றோரைவிட வேகம். அந்தச் சிலரே அடுத்த முன்வரிசை. தூரமே மணமக்களைப் பொறுக்கிக் கொடுக்கிறது.

விலை? முன்னணியில் இருக்கும் பெரிய தேரைகளில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு முதுகெலும்பில் மூட்டுவாதம் இருந்தது. முன்னணிப் பெண் தேரைகள் இனப்பெருக்கம் செய்வதும் குறைவாக இருந்தது. புகையானின் முட்டைக் கணக்கு இங்கே வேறு உருவத்தில்.

இதுவரை சொன்னவை எல்லாம் தன் காலிலோ சிறகிலோ காற்றிலோ போகிறவை. எனக்கு உண்மையில் கவலை தருவது, போவதற்கு இன்னொருவரை முழுக்க நம்பியிருக்கும் உடல்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் பெரிய விதை கொண்ட மரங்கள் நிறைய. காட்டு ஜாதிக்காய் வகைகள், குங்கிலியம், அகில் வகைகள். காட்டின் தரையில் வெளிச்சம் மிகக் குறைவு, அங்கே முளைக்கும் கன்றுக்கு முதல் பல மாதங்களுக்கு இலையை நம்பிப் பிழைக்க முடியாது, விதைக்குள் இருக்கும் சேமிப்புதான் கதி. பெரிய விதை என்பது நிறையக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவது. ஆனால் அந்தக் கனத்தைக் காற்று தூக்காது, சின்னக் குருவியின் வாயில் அது நுழையாது. பழத்தைக் கொத்தித் தின்னும் சிறு பறவைகள் சதையைத் தின்றுவிட்டு விதையை மரத்தடியிலேயே போட்டுவிடும். முழுதாக விழுங்கி, வேறு மலைச்சரிவில் துப்பும் அளவுக்கு வாய் அகன்ற பறவை என்றால் முதலில் இருவாச்சி, அப்புறம் மலைகளில் இருக்கும் பெரிய புறா வகைகள். இரவில் மரநாயும் தன் பங்குக்குக் கொண்டுபோகும்.

இருவாச்சியின் குடும்ப வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், சின்ன இடுக்கு வழியாக ஆண் மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். ஒரு ஜாதிக்காய் மரம் தன் விதைக்கு மேல் சிவப்பாக ஒரு பத்திரி போர்த்தி, அதைக் கொழுப்பால் நிரப்பி வைத்திருப்பது இந்த மாதிரி ஒரு வாய்க்காகத்தான். அதே காட்டிலுள்ள அத்தியின் விதை மணலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை இருவாச்சியும் தின்னும், குக்குறுவானும் தின்னும், மைனா, வௌவால், குரங்கு யார் வேண்டுமானாலும் தின்னலாம். அதனால்தான் ஆலும் அரசும் கோயில் கோபுரத்தில், பாலத்துச் சுவரில், கிணற்று உறையில் எல்லாம் முளைக்கின்றன. கட்டுச்சோறு இல்லை, ஆனால் ஏறிக்கொள்ள எந்த வண்டியும் கிடைக்கும்.

இருவாச்சி போன்ற பெரிய பறவைகள் இல்லாமல் போன காட்டில் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் விடை இருக்கிறது. காப்பிக்கும் கரும்புக்கும் காட்டை வெட்டித் துண்டு துண்டாக்கிய இடங்களில் டூக்கான் போன்ற பெரிய அலகுப் பறவைகள் மறைந்துவிட்டன. அங்கே ஜுசாரா என்ற பனை வகையின் விதைகளை அளந்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. பெரிய பறவைகள் இல்லாத துண்டுகளில் விதை சிறுத்துப்போயிருந்தது, 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விதைகள் அங்கே காணாமல் போயிருந்தன. அதற்குமேல் பெரிதானதை மிச்சமிருந்த சின்னப் பறவைகளால் விழுங்க முடியவில்லை. மரம் பிழைத்துக்கொண்டது என்று இதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. சிறிய விதை சீக்கிரம் காய்ந்து செத்துவிடும், வறட்சி கூடினால் அதற்குத்தான் முதல் அடி. கன்றுக்கும் சேமிப்பு குறைவு. அதோடு, பனை சுருக்கிக்கொண்டதைப் போல எல்லா மரத்தாலும் சுருக்கிக்கொள்ள முடியாது. நூறாண்டு வாழும் ஜாதிக்காய் மரத்துக்கு 12 தலைமுறை என்பது எத்தனை காலம் என்று யோசித்துப் பாருங்கள். மொன்பெலியே செடியின் வேகம் அதற்கு இல்லவே இல்லை.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, நடுநடுவே காட்டுத் துண்டுகள். இருவாச்சி தேயிலைக்கு மேலே பறந்து துண்டு விட்டுத் துண்டுக்குப் போகும், அது இருக்கும்வரை அங்குள்ள பெரிய விதைகளுக்கு வழி உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அங்கே 2000-களின் தொடக்கத்திலிருந்து, சீரழிந்த துண்டுகளில் அந்தக் காட்டுக்கே உரிய மரங்களை நாற்றாக வளர்த்து நட்டுவருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், வாழச்சால் காட்டில், காடர் பழங்குடியினர் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். இவை இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்றுதான் நான் பார்க்கிறேன்: விதைக்கு இடம், விதையைச் சுமப்பவருக்குப் பொந்து.

இங்கே விதைப்பந்து பற்றி ஒரு வார்த்தை. பள்ளிகளிலும் நண்பர் குழுக்களிலும் ஆர்வமாக உருட்டி, காயவைத்து, மலைப்பாதையில் வீசிவிட்டு வருகிறார்கள், அந்த ஆர்வத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மழைக்காட்டுப் பெரிய விதைகள் உலர்ந்தால் செத்துவிடும் வகை. காயவைத்த பந்துக்குள் காட்டு ஜாதிக்காய் முளைக்காது. வேப்பங்கொட்டைகூட சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். பந்துக்குள் பல மாதம் தாங்குபவை கடினத் தோல் கொண்ட கருவேல வகைகளும் அவற்றின் உறவுக்காரர்களும்தான். அவற்றை ஆடும் மாடும் காயோடு தின்று சாணத்தில் ஏற்கனவே பரப்பிக்கொண்டிருக்கின்றன. சீமைக்கருவேலம் இந்த நாட்டை நிறைத்ததே அந்த இனிப்புக் காயாலும் குடலில் செரிக்காத கொட்டையாலும்தானே. ஆக, வீசுவதற்கு வசதியான விதைக்கு நம் உதவி தேவையில்லை, உதவி தேவைப்படும் விதையை வீச முடியாது.

அதனால் மலையடிவாரத்தில் நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கும் மரம் நட நிதி திரட்டுகிறவர்களுக்கும் என் யோசனை இது. அத்தி, ஆல், அரசு, நாவலை எல்லாம் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் விட்டுவிடலாம், உட்கார ஒரு மரம் இருந்தாலே போதும், கொண்டுவந்துவிடும். பையும் தண்ணீரும் ஆள்கூலியும் குங்கிலியத்துக்கும் காட்டு ஜாதிக்காய்க்கும் போகட்டும். காட்டுக்குள் கிடக்கும் விதையை எடுக்க வேண்டாம், அது அங்கே முளைக்கட்டும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகிற, தார்ச்சாலையில் விழுந்த பழங்களைச் சாலையோரத்தில் பொறுக்கி, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஈரம் காயும் முன்பே மண்ணில் ஊன்ற வேண்டும். மெதுவாகத்தான் வளரும், ஒரு பருவத்தில் நடும் உயரத்துக்கு வராது, அதற்கும் சேர்த்தே பணத்தை ஒதுக்குங்கள்.